மரத்தூள் கட்டையில அடுப்பு மூட்டுறதும் கறி சுடுறதும்

செங்கோட்டை பக்கம் வந்தவங்களுக்குத் தெரியும், எங்க ஊருன்னாலே சாமில்லு தான், மரம் அறுக்குற சத்தமும் அந்த ஈர மர வாசனையும் காலையில இருந்தே ஆரம்பிச்சிரும், மில்லுக்குப் பின்னாடி போனா மரத்தூள் குமிச்சு வச்சிருப்பாங்க. நான் சின்னப் பிள்ளையா இருந்தப்போ எங்க ஆச்சி வீட்டுல வெந்நி போடுறது, நெல்லு அவிக்கிறது எல்லாமே அந்தத் தூள்ல தான். ஒரு பழைய டின்னு, அடிப்பக்கம் ஒரு ஓட்டை, நடுவுல ஒரு பாட்டில நிப்பாட்டி அடி ஓட்டை வழியா ஒரு கட்டைய உள்ள விட்டு பாட்டில முட்டுற மாதிரி வச்சுக்கிட்டு, சுத்தி மரத்தூளப் போட்டு உலக்கையால இடிச்சு இடிச்சு இறுக்குவாங்க. நிறைஞ்சதும் பாட்டிலயும் கட்டையயும் மெதுவா திருகி உருவிட்டா உள்ள ஒரு குழாய் மாதிரி ஓட்டை விழுந்திரும், கீழ நெருப்பு வச்சா மூணு நாலு மணி நேரம் யாரும் பக்கத்துல நிக்காமலே எரியும். சரியா இறுக்கலன்னா நடுவுல சரிஞ்சு விழுந்து வீடு முழுக்க புகை. ஆச்சி சொல்லும், "தூளு எரியாது, இறுக்கம் தான் எரியும்"னு.

இப்ப கடையில மூட்டை மூட்டையா கிடைக்கிற மரத்தூள் கட்டை, பிரிக்கெட்னு சொல்றாங்களே, அதுவும் அதே வேலை தான், உலக்கைக்குப் பதிலா மெஷினு. அஞ்சாறு வருஷமா நான் வீட்டுல வெந்நிக்கும், கோயில் கொடைக்கு, வீட்டு விசேஷத்துக்கு பெரிய அண்டா வைக்கிற கோட்டை அடுப்புக்கும், லீவு நாள்ல பிள்ளைங்க எல்லாம் கூடுனா கறி மீனு சுடுறதுக்கும் இதத் தான் எரிக்கிறேன். வாங்கிட்டுப் போனவங்க நிறைய பேரு ரெண்டு நாள்ல "புகையா வருது, கறி கசக்குது, உதிர்ந்து போச்சு"ன்னு ஒதுக்கி வச்சிடுறாங்க, அது கட்டையோட குத்தம் இல்ல, விறகு மாதிரியே நினைச்சு எரிக்கிறது தான் பிரச்சனை, அதனால தான் இவ்வளவு விரிவா எழுதுறேன்.

முதல்ல கட்டை என்னன்னு புரிஞ்சுக்கணும். சும்மா கெடக்குற மரத்தூள் ஒரு கன மீட்டருக்கு சுமார் 200 கிலோ தான் வரும், மெஷின்ல அமுக்குனதுக்கப்புறம் கட்டையோட அடர்த்தி 1000 கிலோவுக்கு மேல, தண்ணியில போட்டா முங்கிரும். பசை எதுவும் சேர்க்கிறது இல்ல. மரத்துக்குள்ளயே லிக்னின்னு ஒண்ணு இருக்கு, அழுத்தத்துலயும் உரசல் சூட்டுலயும் அது இளகி தூள ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, ஆறுனதும் கெட்டியாயிரும். அதுக்கு தூள் நல்லா காஞ்சிருக்கணும், ஈரப்பதம் 10 சதவீதம் பக்கத்துல இருந்தா தான் கட்டை சேரும், ஈரம் கூடுனா உள்ள ஆவி கெளம்பி கட்டை வெடிச்சு விரிஞ்சிரும். இதனால தான் இது விறக விட நல்லா எரியுது, மரம் ஒஸ்தியா இருக்கிறதால இல்ல. வெட்டி கொஞ்ச நாளே ஆன விறகுல பாதி பாரம் தண்ணியா கூட இருக்கும், அந்தத் தண்ணிய ஆவியாக்கவே சூட்டுல ஒரு பங்கு வீணா போயிரும். மரத்தூள் கட்டையில கிலோவுக்கு 4000 கிலோ கலோரிக்கு மேலயே வரும், அரைகுறையா காஞ்ச விறகுல 3000 வந்தாலே பெருசு.

ரெண்டு விதமா மெஷின் இருக்கு. ஒண்ணு பிஸ்டன், குத்திக் குத்தி அமுக்குறது, நம்ம ஊர்ல அதிகமா கிடைக்கிறது இது தான், 60, 70, 90 எம்எம் தடிமன்ல உருளையா இருக்கும். ஒவ்வொரு குத்துக்கும் ஒரு அடுக்குங்கிறதால கையால ஒடிச்சா வில்லை வில்லையா பிரியும். இன்னொண்ணு ஸ்குரூ மெஷின், நடுவுல ஓட்டையோட வெளிப்பக்கம் லேசா கருகுன மாதிரி வழவழன்னு வரும், ஆச்சியோட டின் அடுப்பு மாதிரியே அந்த ஓட்டை வழியா காத்து போறதால பத்திக்கிறதும் சுலபம், எரியும்போது உதிர்றதும் கம்மி. சமையலுக்கு ரெண்டுல எது கிடைச்சாலும் சரி, கறி சுட ஓட்டைக் கட்டை கிடைச்சா அத எடுங்க.

இன்னொரு வித்தியாசம் இருக்கு, இது தான் எல்லாத்துலயும் முக்கியம். பச்சைக் கட்டை வேற, கரியாக்குன கட்டை வேற. மேல சொன்னது எல்லாம் பச்சைக் கட்டை, பழுப்பு நிறத்துல இருக்கும், அது விறகு மாதிரி சுவாலையா எரியும், புகையும் வரும். அதே ஓட்டைக் கட்டைய காத்துப் படாம சூளையில வச்சுக் கரியாக்குனா கருப்பா, தட்டுனா ணங்குன்னு சத்தம் வர்ற கரிக்கட்டை கிடைக்கும், ஜப்பான்ல ஒகாதான்னு சொல்லி கோழி சுடுற கடைகள்ல எரிக்கிறது இது தான். அமெரிக்காவுல பார்பிக்யூ கரின்னா இன்னைக்கும் கிங்ஸ்ஃபோர்டுங்கிற பேரு தான் முன்னாடி நிக்கும், அதோட ஆரம்பமே கார் செஞ்ச ஹென்றி ஃபோர்டு 1920கள்ல தன் மர மில்லுல மிஞ்சுன கட்டையயும் தூளயும் வீணாக்க மனசு வராம கரியாக்கி கட்டியா அமுக்குனது தான், அப்ப காருக்கெல்லாம் அவ்வளவு மரம் போட்டாங்க. ஆக கறி சுட கரி வேணும், பச்சைக் கட்டைக்கு மேல நேரா கறிய வச்சா மேல கருகி உள்ள வேகாம புகை வாசனை ஏறிக் கசந்திரும். முதல் தடவ எங்க வீட்டுல அப்படித் தான் ஆச்சு, ரெண்டு கிலோ கோழி, யாரும் வாயில வைக்கல, மனசுக்கு ரொம்பக் கஷ்டமா போச்சு. அதுக்காக பச்சைக் கட்டையில சுடவே முடியாதுன்னு இல்ல, அதுக்கு வழி இருக்கு, கீழ சொல்றேன்.

வாங்கும்போது என்ன பாக்கணும். முதல்ல கேக்க வேண்டிய கேள்வி, "எந்தத் தூளுல போட்டது"ன்னு. சாமில்லுல முழு மரம் அறுக்குற தூளுன்னா நல்லது, தேக்கு, வாகை, மா, பலா, அயினி எதுவா இருந்தாலும் அடுப்புக்கு ஓகே. பிளைவுட் பட்டறை, எம்டிஎஃப் போர்டு வெட்டுற இடம், பர்னிச்சர் பாலிஷ் போடுற இடத்துத் தூள் கலந்திருந்தா வேண்டவே வேண்டாம், அதுல இருக்கிற பசையில ஃபார்மால்டிஹைடு, பெயிண்டு வார்னிஷ்னு என்னென்னமோ இருக்கு, பாய்லர்ல எரிக்கிறதுக்கே அதெல்லாம் சரியில்ல, சாப்பாட்டுக்குப் பக்கத்துல கொண்டு வரவே கூடாது. ஒரு தடவ ஒரு இடத்துல மலிவா கிடைக்குதுன்னு நாலு மூட்டை எடுத்துட்டு வந்து பத்த வச்ச பத்தாவது நிமிஷம் கண்ணு எரிஞ்சு தண்ணியா ஊத்துது, எரியுற பிளாஸ்டிக் மாதிரி ஒரு காரமான நெடி, மொத்தத்தையும் திருப்பிக் கொடுத்தேன். அதுல இருந்து வாங்குறதுக்கு முன்னாடி ஒரு கட்டைய அங்கயே வாங்கி ஓரமா எரிச்சுப் பாத்துட்டுத் தான் மூட்டைக்கு காசு கொடுக்கிறது.

எங்க பக்கம் மலைக்கு அந்தப் பக்கம் புனலூர், கொல்லத்துல இருந்து ரப்பர் மரம் நிறைய வரும். ரப்பர் மரத்துல சீக்கிரமே பூஞ்சையும் வண்டும் விழும்ங்கிறதால அறுத்ததும் போரிக் ஆசிட், போராக்ஸ் கரைசல்ல ஊற வைப்பாங்க. ஊற வைக்கிறதுக்கு முன்னாடி அறுத்த தூளுன்னா பரவாயில்ல, ஊற வச்சு இழைச்ச தூளுன்னா வெந்நிக்கு மட்டும் வச்சுக்கோங்க, கறி சுட வேண்டாம். எதுல இருந்து வந்ததுன்னு சொல்ல முடியலன்னா ஊற வச்சதுன்னே நினைச்சுக்கிறது நல்லது. அதே மாதிரி பண்ருட்டி பக்கம் முந்திரி ஓடு எரிக்கக் கிடைக்கும், அந்த ஓட்டுல இருக்கிற எண்ணெய் தோல்ல பட்டாலே பொத்துப் போகும், அந்தப் புகையும் ஆகாது, அது கலந்த கட்டை சமையலுக்குக் கிடையாது. கடலைத் தோடு கலந்தது நல்லாவே எரியும், பயமில்ல. உமி கலந்தது எரியும், ஆனா சாம்பல் பயங்கரமா சேரும்.

சாம்பல வச்சே கட்டையோட தரத்த வீட்டுல பாத்துக்கலாம். ஒரு கிலோ கட்டைய தனியா முழுசா எரிய விட்டு, மறுநாள் ஆறுன சாம்பல நிறுத்துப் பாருங்க. சுத்த மரத்தூளுன்னா 10 கிராம்ல இருந்து 30 கிராமுக்குள்ள நிக்கும். 150, 200 கிராம் வந்தா உமியோ மண்ணோ கலந்திருக்கு. மண்ணு எப்படி வருதுன்னா மில்லுல தூளத் தரையில இருந்து வாரும்போது சேர்ந்து வர்றது, சில பேரு எடைக்காக விட்டும் விடுவாங்க. இன்னொரு சோதனை, ஒரு துண்ட டம்ளர் தண்ணியில போட்டா கொஞ்ச நேரத்துல ஊதி உதிர்ந்து மறுபடி தூளாகணும், பிசின் எதுவும் சேர்க்கலன்னு அதுக்கு அர்த்தம். ரொம்ப நேரமாகியும் கல்லு மாதிரி அப்படியே கெடந்தா ஏதோ சேர்த்திருக்காங்க, என்னன்னு கேளுங்க.

அந்த டம்ளர்ல நடக்கிறது தான் உங்க வீட்டு மூலையிலயும் நடக்கும். தண்ணி பட்டா இந்தக் கட்டை செத்துப் போச்சுன்னு அர்த்தம், விறகு நனைஞ்சா காய வச்சு எரிக்கலாம், இதக் காய வச்சா கையில தூள் தான் மிஞ்சும். எங்களுக்கு ஆனி ஆடியில குத்தால சீசன், நாள் பூரா சாரல், மழையா பெய்யாட்டியும் காத்துலயே ஈரம், துணி காய மூணு நாள் ஆகும், அந்த நேரத்துல சாக்குல கட்டி தார்சாவுல, அதான் வீட்டு முன்தாழ்வாரத்துல, வச்சிருந்த கட்டை மேல ஒரு சொட்டு தண்ணி படாமலே பொதபொதன்னு ஊதி வெடிச்சுப் போயிருச்சு. அதுக்கப்புறம் வாங்குன அன்னைக்கே உள்ள பிளாஸ்டிக் கவர் போட்ட சாக்குல மாத்தி வாய இறுக்கிக் கட்டிருவேன், நேரா சிமெண்ட் தரையில வைக்காம ரெண்டு பலகையப் போட்டு அதுக்கு மேல, செவத்துல இருந்து ஒரு சாண் தள்ளி அடுக்குறது. கரையான் இதுக்கு அலையும், மரத்த அரைச்சு வேற கொடுத்திருக்கோமே, அதனால மாசம் ஒருக்கா மூட்டைய நகட்டிப் பாருங்க. மூடி போட்ட பழைய பிளாஸ்டிக் டிரம் இருந்தா அத விட நல்ல இடம் கிடையாது. சீசனுக்கு முன்னாடி மூணு மாசத்துக்கு வேண்டியத மட்டும் வாங்குங்க, மலிவா இருக்குன்னு லோடு இறக்கி வைக்காதீங்க.

இனி பத்த வைக்கிறது. முழுக் கட்டைய அப்படியே அடுக்கித் தீக்குச்சி கிழிச்சா பத்தாது, இது ரொம்ப இறுக்கம், மேல்பரப்பு கம்மி, அதனால சூடு உள்ள ஏற நேரமாகும். மண்ணெண்ணெய், பெட்ரோல் ஊத்துற பழக்கம் வேண்டாம், கறிக்கு அந்த வாசனை ஏறும்ங்கிறது ஒரு பக்கம், அணைஞ்ச மாதிரி இருக்கிற கங்கு மேல ஊத்தி மூஞ்சிக்குத் தீ வந்தவங்க இருக்காங்க. நம்ம ஊர்ல இருக்கிற பத்த வைக்கிற சாமானே போதும், தேங்கா நாரு, பன்னாடை, காஞ்ச பனை ஓலை, அதுக்கு மேல நாலு சிரட்டை. சிரட்டை பத்தே நிமிஷத்துல நல்ல சூடு கொடுத்திரும். ஒரு கட்டைய ஒடிச்சு வில்லையா பிரிச்சு, வில்லைகளப் படுக்கப் போடாம செங்குத்தா சாய்ச்சு சிரட்டையச் சுத்தி வைங்க, ஓரம் முதல்ல பிடிக்கும். வில்லை ஓரம் எல்லாம் செவந்து சுவாலை தானா நின்னதும் மேல ரெண்டு முழுக்கட்டை, அதுக்கு மேல குறுக்கா ரெண்டு. அடியில காத்துப் போக வழி வேணும், கட்டை தரையில ஒட்டிக் கெடந்தா எத்தன ஊதாங்குழல் வச்சு ஊதுனாலும் புகை தான், மூணு செங்கல்லு வச்சு மேல ஒரு இரும்பு ஜல்லடையோ கம்பியோ போட்டு அதுல அடுக்குங்க.

முதல் பத்து பதினஞ்சு நிமிஷம் வெள்ளையா புகை வரத் தான் செய்யும், அது கட்டை சூடாகி உள்ள இருக்கிற வாயு வெளிய வர்றது, அந்த வாயு பத்திக்கிட்டா சுவாலை, பத்தலன்னா புகை. அதனால புகை வந்தா கட்டையச் சேர்க்காதீங்க, காத்தக் கொடுங்க. நிறைய பேரு இங்க தான் தப்பு பண்றாங்க, எரிய மாட்டேங்குதேன்னு மேல மேல கட்டையத் திணிச்சு இருந்த வழியயும் அடைச்சிடுறாங்க. இன்னொண்ணு, எரியும்போது இந்தக் கட்டை கொஞ்சம் ஊதும், பிஸ்டன் கட்டை நல்லாவே விரியும், அடுப்பு வாய் நிறைய அடைச்சு வச்சா விரிஞ்சு இறுகி காத்து நின்னுரும், இல்லன்னா வெளிய உருண்டு விழும். பாதி இடம் காலியா இருக்கட்டும்.

நெருப்பு பிடிச்சதுக்கு அப்புறம் குத்திக் கிளறாதீங்க, இத மட்டும் எங்க வீட்டுல வர்றவங்க எல்லாருக்கும் சொல்லிக்கிட்டே இருக்கேன். விறகுக் கொள்ளிய கம்பியால தட்டுனா தீ கூடும், இதத் தட்டுனா உருவம் ஒடஞ்சு பொடிக்கங்கா கொட்டி சாம்பலுக்குள்ள போயிரும். வச்ச இடத்துல வச்சபடி விட்டீங்கன்னா அதே உருளை அப்படியே செக்கச்செவேல்னு கங்காகி ரொம்ப நேரம் நிக்கும், கட்டையோட நல்ல குணமே அந்த ரெண்டாவது பாதி தான்.

வெந்நிக்கும் பெரிய சட்டிக்கும் பச்சைக் கட்டை அருமையான சாமான். கோட்டை அடுப்புல பிரியாணி, சாம்பாருன்னு வைக்கும்போது விறகுல தீ ஏறி இறங்கும், ஒரு ஆளு உக்காந்து தள்ளிக்கிட்டே இருக்கணும், இதுல கட்டை எல்லாம் ஒரே தடிமன், ஒரே காய்ச்சல், அதனால தீ ஒரே மட்டமா நிக்கும், எத்தன கட்டை போட்டா எவ்வளவு நேரம்னு ரெண்டு தடவையில கணக்கு பிடிபட்டிரும். பிரியாணி தம் போடும்போது கங்க எடுத்து மூடி மேல போட இத மாதிரி வேற இல்ல, உருளையா இருக்கிறதால இடுக்கியில எடுக்கலாம்.

காசு கணக்கையும் நேர்மையா சொல்லிடுறேன், ஏன்னா கேஸுக்குப் பதிலா இதுக்கு மாறலாமான்னு கேக்குறவங்க இருக்காங்க. 14.2 கிலோ வீட்டு சிலிண்டர்ல மொத்தம் ஒண்ணரை லட்சம் கிலோ கலோரிக்கு கொஞ்சம் மேல சூடு இருக்கு, கேஸ் அடுப்புல அதுல அறுபது சதவீதம் பாத்திரத்துக்குப் போகுதுன்னு வச்சா தொண்ணூறாயிரத்துக்கு மேல. மரத்தூள் கட்டையில கிலோவுக்கு 4200, தெறந்த அடுப்புல இருபது சதவீதம் தான் பாத்திரத்துக்குப் போகும், அப்ப 840. வகுத்துப் பாத்தா ஒரு சிலிண்டருக்கு 110 கிலோ கட்டை வேணும். கட்டை கிலோ 10 ரூபான்னு கிடைச்சா 1100 ரூபா ஆச்சு. அதனால வீட்டு சிலிண்டர் கிடைக்கிறவங்க தினசரி சமையலுக்கு இதுக்கு மாறுனா லாபம் இல்ல, சட்டி கழுவுற வேலை தான் கூடும். கடைக்கு கமர்ஷியல் சிலிண்டர் வாங்குறவங்க, தினமும் அண்டா அண்டாவா வெந்நி போடுறவங்க உங்க ஊரு விலையப் போட்டு இதே கணக்க ஒரு தடவ பாருங்க, அங்க மிச்சம் வரும். காத்து ஒழுங்கா போற மாதிரி சுத்தி அடைச்ச அடுப்பு கட்டிட்டா இருபது முப்பதாகும், கட்டை மூணுல ஒரு பங்கு குறையும்.

இப்ப கறி. கரியாக்குன கட்டை கிடைச்சா வேலை சுலபம், பத்த வச்சு மேல சாம்பல் பூத்து வெள்ளையாகுற வரைக்கும் பொறுத்து, அதுக்கப்புறம் கம்பிய வைக்கணும், அவ்வளவு தான். கிடைக்கலன்னா சிரட்டைக்கரி இருக்கு, ராமநாதபுரம், சிவகங்கை பக்கம் மூட்டம் போட்டு எடுக்கிற சீமைக்கருவேலங்கரி இருக்கு, அந்தக் கரி எல்லாம் எந்த பிராண்டுக் கரிக்கும் குறைஞ்சது இல்ல. நான் செய்றது ரெண்டையும் சேர்த்து, பச்சைக் கட்டைய தனியா எரிச்சு கங்காக்கி, அந்தக் கங்கு மேல சிரட்டைக்கரியக் கொட்டுறது. கட்டைக் கங்கு அடியில நின்னு நேரம் கொடுக்கும், சிரட்டைக்கரி மேல நின்னு சூடு கொடுக்கும்.

பச்சைக் கட்டையில மட்டும் சுடணும்னா இப்படி. கறி சுடுற அடுப்புலயே எரிக்காதீங்க, பக்கத்துல தனியா ஒரு அடுப்பு. பழைய 15 கிலோ எண்ணெய் டின் ஒண்ண எடுத்து நல்லா கழுவி, மேல் தகட்ட முழுசா வெட்டிட்டு, அடியிலயும் அடி ஓரத்துலயும் ஆணியால நெருக்கமா ஓட்டை போட்டு மூணு கல்லு மேல வைங்க, புகைபோக்கி மாதிரி காத்த இழுக்கும். ஜிஐ கம்பியோ ஜிஐ தகடோ மட்டும் வேண்டாம், அதுல இருக்கிற துத்தநாகம் சூட்டுல புகையாகும், மூச்சுக்குக் கெடுதல். கட்டைய நாலு விரல் நீளத்துக்கு ஒடிச்சுப் போட்டு, சுவாலை முழுசா அடங்கி, புகை சுத்தமா நின்னு, கட்டை எல்லாம் செவப்பா மேல சாம்பல் பூசுன மாதிரி ஆகுற வரைக்கும் காத்திருக்கணும், எனக்கு நாப்பது நிமிஷம் கிட்ட ஆகும். இந்த நாப்பது நிமிஷத்த யாரும் பொறுக்கிறது இல்ல, பசி, பிள்ளைங்க நச்சரிப்பு, அதனால தான் கறிய ஊறப் போடுறதுக்கு முன்னாடியே நெருப்ப வச்சிருங்க. மூணு கிலோ கட்டை எரிச்சா முக்கால் கிலோவுக்குள்ள தான் கங்கு தேறும், ரெண்டு கிலோ கோழிக்கு அது ஒரு ஈடு தான் வரும், அதனால முதல் ஈடு சுடும்போதே அடுத்த கட்டைய டின்னுல போட்டு விட்டுருங்க, சுடுற அடுப்புல ஒருபோதும் பச்சைக் கட்டையப் போடாதீங்க, ஒரே ஒரு துண்டு போட்டாலும் மொத்தக் கறியும் கசப்பு.

கங்க மண்வெட்டியால வாரி சுடுற அடுப்புல ஒரு பக்கமா மட்டும் பரப்புங்க, இன்னொரு பக்கம் காலியா இருக்கட்டும். கங்குப் பக்கம் மேல் நிறத்துக்கு, காலிப் பக்கம் உள்ள வேகுறதுக்கு. கோழித் தொடைய முதல்ல காலிப் பக்கம் வச்சு மூடி போட்டு, மூடி இல்லன்னா ஒரு அலுமினியச் சட்டியக் கவுத்தி, இருபது இருபத்தஞ்சு நிமிஷம் வேக விட்டு கடைசியா கங்குப் பக்கம் தள்ளி நிறம் ஏத்துங்க. எலும்பு ஓரமா குத்துனா வர்ற தண்ணி தெளிவா இருக்கணும், கறி குத்துற தெர்மாமீட்டர் இருந்தா நடுவுல 74 டிகிரி. சூட்ட அளக்க கம்பிக்கு ஒரு ஜாண் மேல உள்ளங்கைய நீட்டிப் பாருங்க, ரெண்டு மூணு செகண்டுல கை எடுத்தா ரொம்ப சூடு, மீனு மேல் நிறத்துக்கு ஆகும், அஞ்சு செகண்ட் தாங்குனா கோழிக்குச் சரியான சூடு. எண்ணெய் சொட்டி சுவாலை கெளம்புனா தண்ணி தெளிக்காதீங்க, தண்ணி பட்டதும் சாம்பல் பறந்து கறி மேல ஒட்டும், இந்தக் கட்டைக் கங்கு தண்ணிய உறிஞ்சி பொடியாவும் போயிரும், கறிய காலிப் பக்கம் நகட்டுங்க, தானா அடங்கும். மசாலாவுல எண்ணெயக் கம்மி பண்ணுனாலே இது பாதி குறையும், சீனி, தேன் கலந்தது எதுவா இருந்தாலும் கடைசி அஞ்சு நிமிஷத்துல தடவுங்க. மீனுக்கு வாழையில சுத்துறது இந்தக் கங்குக்கு ரொம்பப் பொருத்தம், கங்கு கரி அளவுக்கு உக்கிரமா இருக்காதுங்கிறதால இலை சீக்கிரம் எரியாம மீனு உள்ள பக்குவமா அவியும்.

இந்த விஷயத்த எத்தன தடவ சொன்னாலும் தகும், எரியுற கங்கையோ கரியையோ எந்தக் காரணத்துக்கும் ரூமுக்குள்ளயோ டெண்டுக்குள்ளயோ கொண்டு போகாதீங்க. சுவாலை இருக்கும்போது புகை கண்ண எரிச்சு எச்சரிக்கும், கங்கான பிறகு புகையே இருக்காது, வாசனையும் இருக்காது, ஆனா கார்பன் மோனாக்சைடு வந்துக்கிட்டே இருக்கும், அது ரத்தத்துல ஆக்சிஜன் போற இடத்த பிடிச்சுக்கும், தலை வலிக்குது தூக்கம் வருதுன்னு தான் தோணும், அப்படியே எந்திரிக்காம போயிருவாங்க. கொடைக்கானல், ஊட்டின்னு குளிருற ஊருக்குப் போய் பார்பிக்யூ பண்ணிட்டு மிச்சக் கங்க குளிருக்கு இதமா ரூம்ல வச்சுட்டுத் தூங்குனவங்க காலையில இல்ல, இளவயசுப் பசங்க, படிக்கும்போதே நெஞ்சு பதறுது. ஜன்னல தெறந்து வச்சிருக்கோம்ங்கிறது போதாது. மழை வந்தா அடுப்ப வீட்டுக்குள்ள தூக்கிட்டு வராதீங்க, சமையல உள்ள கொண்டு வாங்க, நெருப்ப வெளியவே விட்டுருங்க. மொட்டை மாடியில சுடுறவங்க தட்டு ஓடு மேல நேரா அடுப்ப வைக்காம செங்கல் அடுக்கி, மண்ணு பரப்பி வைங்க, சூட்டுல தளம் வெடிச்சா மழைக்கு ஒழுகும்.

சாம்பல் அணைஞ்ச மாதிரி தெரியும், அணைஞ்சிருக்காது. இந்தக் கட்டைச் சாம்பல் மெத்துன்னு மூடிக்கிறதால உள்ள கங்கு மறுநாள் காலை வரைக்கும் கூட உயிரோட இருக்கும், ராத்திரி அள்ளி பிளாஸ்டிக் குப்பைத்தொட்டியில போட்டு தீப்பிடிச்ச கதை எங்க தெருவுலயே உண்டு. இரும்புச் சட்டியில வாரி மூடி ஒரு நாள் பூரா வெளிய வச்சிருந்து, கையால தொட்டுப் பாத்துட்டு எடுங்க. பெரிய கங்கு மிஞ்சுனா அத மண் பானையில போட்டு மூடி வச்சிருங்க, காத்து இல்லாம அணைஞ்சு கரியாயிரும், அடுத்த தடவ பத்த வைக்க முதல்ல அதத் தான் போடணும், சீக்கிரமே பிடிச்சிக்கும். சுத்தமான மரத்தூள் கட்டைச் சாம்பல்னா சட்டி தேய்க்கலாம், தென்னைக்கும் வாழைக்கும் தூருல இருந்து கொஞ்சம் தள்ளி ஒரு பிடி போடலாம், அதுல பொட்டாசும் சுண்ணாம்புச் சத்தும் உண்டு, ஒரே இடத்துல குமிச்சுப் போட்டா மண்ணு காரமாயிரும். எந்தத் தூளுன்னு தெரியாத கட்டையோட சாம்பல தோட்டத்துப் பக்கமே கொண்டு போகாதீங்க.

முதல் தடவ பண்றவங்க நேரா கறியில ஆரம்பிக்காம ரெண்டு நாள் வெந்நி போட்டுப் பாருங்க, உங்க கட்டை எத்தன நிமிஷத்துல பிடிக்குது, எப்ப புகை நிக்குது, கங்கு எவ்வளவு நேரம் நிக்குதுன்னு ஒரு பேப்பர்ல எழுதி வச்சுக்கோங்க, மூட்டைக்கு மூட்டை மாறும், புது மூட்டை பிரிச்சா மறுபடியும் ஒரு நாள் வெந்நி.